மாவு எவ்வளவு மிச்சம்?

தோசைக்கல் காய்ந்ததும் வார்க்கும் முதல் தோசையை விருந்தாளியின் இலையில் வைப்பதில்லை. கல்லின் சூடு சரியா, எண்ணெய் போதுமா, மாவு பதமாகப் புளித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு வார்ப்பது அது. பத்து தோசைக்கு மாவு இருந்தால் இரண்டு மூன்றைக்கூட இப்படி விடலாம். இரண்டு கரண்டிதான் இருக்கிறதென்றால், ஓரம் கிழிந்திருந்தாலும் முதல் தோசையே இலைக்குப் போகும். துணை தேடும்போது நம் கையில் இருக்கும் காலம் இந்த மாவைப் போலத்தான்.

கணிதத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. ஒருவர் பின் ஒருவராகத்தான் பார்க்க முடியும், வேண்டாம் என்று விட்டவர் திரும்ப வரமாட்டார், ஆனாலும் எல்லோரிலும் சிறந்தவரே வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் 37 சதவீதம் பேரை யாருக்கும் சம்மதம் சொல்லாமல் பார்த்து முடிக்க வேண்டும். பிறகு அவர்கள் அத்தனை பேரையும் விஞ்சும் முதல் ஆளை ஏற்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்பதே தெரியாவிட்டால்? 1984-இல் தாமஸ் ப்ரூஸ் என்ற கணிதவியலாளர் வழி சொன்னார்: வரன்கள் காலம் முழுக்கப் பரவலாக வருமானால், தலைகளை எண்ண வேண்டாம், தேடலுக்கான காலத்தில் 37 சதவீதத்தைப் பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்கினால் போதும்.

ஆனால் பெரும்பாலோர் தேடுவது நல்ல ஒருவரை. உலகிலேயே சிறந்தவரை அல்ல. அதற்கான கணக்குதான் வாழ்க்கைக்கு நெருக்கமானது. பொருத்தத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதாகவும், எந்த மதிப்பெண்ணும் சம வாய்ப்போடு வரும் என்றும் கொள்வோம். இவரை விட்டால் இன்னும் ஒருவரைத்தான் பார்க்க முடியும் என்றால் 50-ஐத் தாண்டியவரை ஏற்கலாம். இன்னும் இருவர் என்றால் 62.5 வேண்டும். மூவர் என்றால் ஏறக்குறைய 70. ஆக, 60 பெறும் அதே மனிதர் ஒரு சமயம் போதாதவர், இன்னொரு சமயம் போதுமானவர். அவரிடம் எதுவும் மாறவில்லை. “வர்ற தைக்குள்ள முடிச்சிடணும்” என்று வீட்டில் கெடு வைக்கும்போது நடப்பதும் இதுதான். யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அளவுகோல் கீழே இறங்குகிறது. அதனால் வரனைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே கெடுவைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பேன். பிள்ளை பெறும் வயது உண்மையான கெடு. பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் அப்படிப்பட்டதல்ல.

இந்தக் கணக்கைப் பேசுவோர் வானியலாளர் கெப்ளரை நினைவுகூர்வதுண்டு. 1611-இல் மனைவி இறந்தார். தாயில்லாத பிள்ளைகள் வீட்டில். மறுமணத்துக்காக 11 பெண்களைப் பரிசீலித்தார். 11 பேர் என்றால் விதிப்படி நால்வரைப் பார்த்துவிட்டு ஐந்தாமவரிலிருந்து முடிவெடுக்கலாம். அவரோ அங்கே நிற்கவில்லை. நான்காமவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையே ஊசலாடினார். கடைசியில் நான்காமவரிடம் திரும்பியபோது காலம் கடந்திருந்தது.

விதி கண்டுகொள்ளாத இடம் இது. எதிரில் இருப்பவரும் தேடுகிறார். அவருக்கும் ஒரு கெடு உண்டு. ஒருவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்கள் மற்றவரின் ஆயுளிலிருந்தும்தான் கழிகின்றன.

ஐந்தாமவர் சூசன்னா, கெப்ளர் மற்றவர்களையும் பார்த்துவிட்டு வந்தபோதும் மணமாகாமலே இருந்தார். 1613 அக்டோபர் 30-இல் ஆஸ்திரியாவின் எஃபர்டிங் ஊரில் இருவருக்கும் திருமணம் நடந்தது.