கீக்ஸ்: மென்பொருளின் வம்சாவளி

ஐந்தாண்டுகளுக்கு முன் கணினியில் போட்ட கணக்கை ஒரு விஞ்ஞானி இன்று மறுபடி போட்டுப் பார்க்கையில், நிரலும் தரவும் மாறாதிருந்தும் விடை மாறிவருவதும், சில சமயம் நிரல் ஓடவே மறுப்பதும் ஆராய்ச்சிக்கூடங்களில் சகஜம். நிரலுக்கு அடியில் பைத்தான், அதற்கு அடியில் கணித லைப்ரரிகள், அவற்றை உருவாக்கிய கம்பைலர் என்று அடுக்கடுக்காகக் கிடக்கும் ஆதாரங்களில் ஏதோ ஒன்று இடையில் புதுப்பிக்கப்பட்டிருக்கும். எது என்பதைச் சொல்லும் பதிவேடு எவரிடமும் இராது. பரிசோதனைக்கு எடுத்த இரசாயனத்தின் தரத்தைத் தவறாமல் குறித்துவைக்கும் நாம், கணக்குப் போட்ட கருவியின் பூர்வீகத்தைக் குறிக்காமல் விடுவது விஞ்ஞானத்துக்குப் பெருங்குறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இக்குறைக்கு மார்க்கம் கண்டவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் 'நிக்ஸ்' என்ற பேக்கேஜ் மேனேஜரை உருவாக்கி, அதன் தத்துவத்தை 2006-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய ஈல்கோ டோல்ஸ்ட்ரா. அத்தத்துவத்தையே கைக்கொண்டு, பிரான்ஸ் நாட்டவரான லுடோவிக் கூர்டெஸ் 2012-இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தின் கீழ் அறிவித்த பேக்கேஜ் மேனேஜரே கீக்ஸ். அதன் 1.0 பதிப்பு 2019 மே மாதத்தில் வெளியாயிற்று.

கீக்ஸில் ஒவ்வொரு பேக்கேஜும் பொதுக் களஞ்சியம் ஒன்றில் தனித்தனி இடத்தில் அமர்கிறது. அந்த இடத்தின் பெயர் 32 எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரையுடன் தொடங்கும். மூல நிரல், கம்பைலர், லைப்ரரிகள், கட்டும் விதம், அந்த லைப்ரரிகளுக்கு ஆதாரமானவை என மூலாதாரம் வரை சகலத்தையும் கணக்கிலெடுத்துப் பெறப்படும் முத்திரை அது. கட்டும் விதத்தில் ஒரு கட்டளையை மாற்றினாலும் வேறு முத்திரை பிறந்து, புதுப் பேக்கேஜ் வேறிடத்தில் அமரும். பழையதன் மீது கை படுவதேயில்லை. கட்டும் வேலையோ இணையத் தொடர்பற்ற தனியறையில், முன்கூட்டி அறிவிக்கப்பட்ட பொருள்கள் மட்டுமே கண்ணில் படும்படி நடக்கிறது. ஆகவே அறிவிக்க மறந்த ஆதாரம் ஒன்று இரகசியமாக உள்ளே நுழைவது மிகவும் அரிது.

பலர் பகிரும் கணினியின் நிர்வாகிக்கு இதனால் விளையும் அனுகூலம் பெரிது. பயனர்கள் ரூட் அதிகாரமின்றித் தத்தமக்கு வேண்டியதை நிறுவிக்கொள்ளலாம். ஒருவர் நிறுவியது மற்றவருடையதைக் கெடுக்காது. புதுப்பித்தபின் கோளாறு நேர்ந்தால் ஒரே கட்டளையில் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். டிஸ்க் இடம் தாராளமாகச் செலவாகும் என்பது உண்மையே. உபயோகமற்றவற்றைக் கழித்துக்கட்டத் தனிக் கட்டளை உண்டு.

தம் கணக்கைப் பிறர் மறுபடி போட்டுப் பார்க்க ஆய்வாளர் செய்யவேண்டியதெல்லாம், வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியலையும், கீக்ஸ் தொகுப்பின் அன்றைய நிலையைக் காட்டும் குறியீட்டையும் இரு சிறு கோப்புகளாகக் கட்டுரையுடன் வெளியிடுவதுதான். 'டைம்-மெஷின்' என்னும் கட்டளை அவற்றைக்கொண்டு அன்றைய சூழலை மீண்டும் எழுப்பும். மூல நிரல் இருந்த தளம் மறைந்துபோயிருந்தால், சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் ஆவணக் காப்பகத்தில் அதன் பிரதியைத் தேடிப்பார்க்கும். கட்டிய நேரத்தைத் தம்முள் பதித்துக்கொள்ளும் சில பேக்கேஜ்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் சற்றே வேறுபடும். அத்தகையவற்றை ஒப்பிட்டுக் காட்டிக்கொடுக்கவும் கீக்ஸில் வழியுண்டு.

கம்பைலரையே எப்படி நம்புவது என்று கணினி விஞ்ஞானி கென் தாம்ப்ஸன் 1984-இல் டூரிங் பரிசு உரையில் எழுப்பிய வினாவையும் இத்திட்டத்தினர் விட்டுவைக்கவில்லை. 2023-இல் அவர்கள், வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு சிறு நிரலை வித்தாகக் கொண்டு, கம்பைலர் வரை படிப்படியாக மூலத்திலிருந்தே கட்டியெழுப்பிக் காட்டினார்கள். அவ்வேலையை நடத்திச்செல்ல முன்பே கட்டிய, கைல் என்னும் நிரல்மொழியின் இன்டர்ப்ரிட்டர் ஒன்று மட்டும் இன்னும் தேவைப்படுகிறது. அதையும் அகற்றுவதே அடுத்து நிற்கும் பணி.