தலை முதல் குளம்பு வரை வீணாக்காத மரபு

பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, பெலிலியோஸ் ரோடு, டெஸ்கர் ரோடு. பள்ளி முடிந்து தேக்காவுக்கோ ஜாலான் புசாருக்கோ செல்லும் மாணவர்கள் அடிக்கடி கடந்துபோகும் தெருக்கள் இவை. இந்த நான்கு பெயர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நான்குமே கால்நடையோடு தொடர்புடையவை.

‘கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமை. பெலிலியோஸ் ஒரு கால்நடை வணிகர். டெஸ்கர் 19ஆம் நூற்றாண்டில் இங்கு இறைச்சித் தொழில் நடத்தியவர். நம்மில் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரில் இருக்கும் இரண்டு எழுத்துகளும் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைக் கொட்டில் என்ற சொற்களிலிருந்து வந்தவை.

ரொச்சோர் ஆற்றங்கரையில் நீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால் சிராங்கூன் சாலை வட்டாரம் கால்நடை வணிகத்தின் மையமானது. அந்த வேலையைத் தேடித் தமிழர்களும் இங்கு வந்தனர். பால் கறந்தவர்கள், மாட்டுவண்டி ஓட்டியவர்கள், இறைச்சி வெட்டியவர்கள் எனப் பலர் விலங்குகளோடு வாழ்ந்தனர். நகரம் வளர வளர, 1930களில் அந்த வணிகம் இங்கிருந்து மறைந்தது.

கொட்டில்கள் போனபிறகு தெருப்பெயர்கள் மட்டும் எஞ்சின. இன்று நமக்கு இறைச்சி என்பது பேரங்காடியின் குளிர்பெட்டியில், பிளாஸ்டிக் தாள் சுற்றிய தட்டில் இருக்கும் ஒரு பொருள். அது ஓர் உயிராக இருந்தது என்பதையே மறந்துவிடுகிறோம். ஆனால் நம் முன்னோர் ஓர் உயிரை எடுத்தால், அதன் எந்தப் பகுதியையும் வீணாக்கக்கூடாது என்று எண்ணினர். அதற்குத் திறன் வேண்டும். அந்தத் திறனே அவ்விலங்குக்கு அவர்கள் காட்டிய மரியாதையும் ஆகும்.

மானிடமிருந்து தொடங்கிய பாடம்

சங்க இலக்கியத்தில் பாலை நிலத்து வேட்டுவர்களான எயினர்களைக் காணலாம். அண்மையில் பிள்ளை பெற்ற எயிற்றி ஒருத்தி, குழந்தையோடு மான்தோல் படுக்கையில் படுத்திருப்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. உணவான மானின் தோல் தாய்க்கும் சேய்க்கும் படுக்கையானது. கொம்பும் வீணாகவில்லை. சிலம்பத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் ‘மடுவு’ என்ற ஆயுதம், இரலை மானின் இரண்டு கொம்புகளைப் பிணைத்துச் செய்யப்பட்டது.

வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் இதே மரபு உண்டு. அவர்கள் மானின் தசைநாரை நூலாகத் திரித்தனர். எலும்பையும் கொம்பையும் கருவிகளாகச் செதுக்கினர். தோலைப் பதப்படுத்த அந்த மானின் மூளையையே பயன்படுத்தினர். மூளையில் உள்ள கொழுப்புப் பொருள்கள் தோலின் இழைகளுக்குள் புகுந்து அவற்றை மென்மையாக்கும். பிறகு அதைப் புகையில் காட்டினால், நனைந்து காய்ந்தாலும் தோல் விறைக்காது. வேதியியல் என்ற பாடம் பள்ளிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, செய்து பார்த்துக் கற்ற அறிவு இது.

தமிழ்நாட்டில் அதே வேலையை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் செய்தன. அவற்றிலுள்ள டானின், தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. இந்தத் தொழில் பெருகி, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் தோலுக்குப் பெயர்பெற்றன. 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு மானைத் தேடிப் போக முடியாது, போகவும் கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே வனவிலங்குச் சட்டமும் அதைத் தடுக்கின்றன. மண்டாய்க் காட்டில் இன்று உலவும் கடமான்கள், 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது. அவற்றைத் தொலைவில் நின்று பார்ப்பதே இக்காலத்தின் மரியாதை. முன்னோரின் பாடத்தை நாம் கற்க வேண்டிய இடம் காடு அல்ல, நம் வீட்டுச் சமையலறை.

தேக்காவில் ஓர் ஆடு

அந்தப் பாடத்தைத் தேக்கா ஈரச்சந்தையில் இன்றும் கேட்கலாம். ஆட்டிறைச்சிக் கடையில் ‘ஆட்டுக்கறி ஒரு கிலோ’ என்று மட்டும் கேட்பவர் உண்டு. ‘தொடைக்கறி பிரட்டலுக்கு, நெஞ்செலும்பு சூப்புக்கு, கொஞ்சம் ஈரல், ஒரு தலை’ என்று கேட்கும் பாட்டியும் உண்டு. இருவருக்கும் உள்ள வேறுபாடு வயது மட்டுமல்ல, அறிவும்தான்.

ஆட்டுக்காலை நெருப்பில் வாட்டி, முடியைச் சுரண்டி, மிளகும் சீரகமும் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் கால் சூப்பு. குடலை உள்ளும் புறமும் திருப்பி, மஞ்சளும் உப்பும் போட்டுப் பலமுறை அலசினால் குடல் குழம்பு. தலைக்கறி, மூளைப் பொரியல், நுரையீரல் வறுவல், சுவரொட்டி எனப்படும் மண்ணீரல், நல்லி எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனிப் பக்குவமும் இருக்கின்றன. ஆட்டு ரத்தத்தைக்கூட ஊரில் பொரியல் செய்வார்கள். சிங்கப்பூரில் விலங்கு ரத்தத்தை உணவாக விற்க அனுமதி இல்லை.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘பங்குக் கறி’ என்ற வழக்கமும் உண்டு. சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, கறியும் எலும்பும் ஈரலும் எல்லாப் பங்கிலும் இருக்கும்படி கூறுபோட்டுக்கொள்வார்கள். நல்ல துண்டு ஒருவருக்கு, எலும்பு மற்றவருக்கு என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை. ஹஜ்ஜுப் பெருநாளின்போது குர்பான் இறைச்சியைத் தங்கள் குடும்பம், உறவினர் அண்டைவீட்டார், ஏழைகள் என மூன்று பங்காகப் பிரிக்கும் வழக்கமும் இதற்கு நெருக்கமானதே.

சிங்கப்பூர் இந்தியர்கள் இந்த மரபில் புதியவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். பீச் ரோடு உணவங்காடியில் கிடைக்கும் சிவப்பு நிற ‘சூப் துலாங்’ இந்திய முஸ்லிம் சமையல்காரர்களின் கைவண்ணம். கறி கழிக்கப்பட்ட எலும்புகளின் மஜ்ஜையே அதன் சுவை. மீன் தலைக்கறியும் அப்படித்தான். கேரளாவிலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் 1940களின் இறுதியில் அதை இங்கு அறிமுகப்படுத்தினார் என்று கூறப்படுகிறது. பலர் ஒதுக்கிய தலை, ரேஸ் கோர்ஸ் ரோட்டின் புகழ்பெற்ற உணவானது.

முரசுக்குக் கட்டில், செய்தவருக்கு?

விலங்கிடமிருந்து நாம் பெற்றதில் நீண்டகாலம் நிலைப்பது தோல். அந்தத் தோலுக்கு நம் முன்னோர் பெரும் மதிப்பளித்தனர். சண்டையில் வென்ற காளையின் தோலை மயிர் சீவாமல் போர்த்திச் செய்த முரசைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. அரசனின் முரசுக்குத் தனிக் கட்டில் இருந்தது. புலவர் மோசிகீரனார் களைப்பில் அறியாமல் அக்கட்டிலில் உறங்கிவிட்டபோது, தண்டிக்க வேண்டிய சேர மன்னன் அவருக்குக் கவரி வீசினான் என்ற கதையை நாம் பள்ளியில் கேட்டிருப்போம்.

இன்றும் மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்று விலங்குகளின் தோலும் இருக்கின்றன. பலாமரத்தைக் குடைந்து, தோல்களை அடுக்கி, வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். வலந்தலையின் கறுப்பு வட்டம், கல்பொடியையும் சோற்றையும் கலந்து அடுக்கடுக்காகத் தேய்த்து உருவாவது. எந்தத் தோல் எந்த ஒலி தரும் என்பதைத் தடவிப் பார்த்தே சொல்வது தலைமுறைகளாகக் கைமாறிய திறன்.

ஆனால் இங்கே நம் மரபில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. முரசுக்குக் கட்டில் தந்த சமூகம், பின்னர் தோலைத் தொட்டவர்களைத் தொடாமல் விலக்கியது. மாட்டை உரித்தவர், தோலைப் பதனிட்டவர், பறை அடித்தவர் ஆகியோரைச் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தியது. வாசித்தவருக்கு மேடையும் மாலையும் கிடைத்தன. செய்தவரின் பெயர்கூடத் தெரியாமல் போனது.

பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க ஒலிக்குப் பின்னால், தஞ்சாவூரைச் சேர்ந்த பர்லாந்து என்ற கைவினைஞரின் உழைப்பு இருந்தது. அவரைப் போன்ற குடும்பங்களின் கதையைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் சொல்கிறது. ஒரு காலத்தில் இழிவாகக் கருதப்பட்ட பறையை இன்று தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் இளையர்கள் விரும்பிக் கற்கிறார்கள். இது நல்ல மாற்றம்.

விலங்கை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு, அதை உணவாகவும் இசையாகவும் மாற்றித் தரும் கைகளை இகழ்ந்தால் அந்த மரியாதை பாதிதான். ஆகவே நாம் முன்னோரிடமிருந்து அவர்களின் திறனை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் காட்டிய வேற்றுமையை விட்டுவிடலாம்.

நாம் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 755,000 டன் உணவுக் கழிவு உருவானது. அதில் 18 விழுக்காடு மட்டுமே மறுபயனீடு செய்யப்பட்டது. நம் ஒரே குப்பை நிரப்பிடமான செமக்காவ், 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. வீணாக்காமல் சமைப்பது பாட்டி காலத்துப் பழக்கம் மட்டும் அல்ல, நாளைய தேவையும்கூட.

அடுத்த முறை வீட்டில் யாராவது தேக்காவுக்குப் புறப்பட்டால் உடன் செல்லுங்கள். இறைச்சி வெட்டும் அண்ணனிடம் கூட்டமில்லாத நேரத்தில், எந்தப் பகுதி எதற்கு ஏற்றது என்று கேளுங்கள். பாட்டியோ அம்மாவோ கால் சூப் வைக்கும்போது அருகில் நின்று குறிப்பெடுங்கள். அளவுகளைவிட ‘எதற்காக இப்படிச் செய்கிறீர்கள்’ என்ற கேள்வியே அதிகம் கற்றுத்தரும்.

ஸ்டார்லைட் ரோட்டில் உள்ள சிஃபாஸ் போன்ற இடங்களில் மிருதங்கம் பயில்பவர்கள், தங்கள் கருவியைச் செய்தவர் யார், எந்த ஊர் என்று ஆசிரியரிடம் விசாரிக்கலாம். பொங்கல் காலத்தில் மாடுகளையும் ஆடுகளையும் காட்சிக்கு வைக்கும்போது, படம் எடுப்பதோடு நிற்காமல், நமக்கு அவை தந்தவை என்னென்ன என்று தம்பி தங்கையருக்குச் சொல்லலாம்.

சைவ உணவு உண்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வாழையின் பூ, காய், தண்டு, இலை, நார் என அனைத்தையும் பயன்படுத்தியது அதே அறிவுதான். விலங்கோ செடியோ, நமக்காக ஓர் உயிர் தன்னைத் தந்தபின் அதில் பாதியைக் குப்பைத்தொட்டியில் போடுவது நன்றியாகாது. மாட்டுப் பொங்கலன்று மாலையிட்டுக் காட்டும் நன்றியை மற்ற நாள்களில் நம் தட்டில் காட்டலாம்.