இரு வம்சத்து ஆண்

ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டங்களில், வெட்டிப்போட்ட மட்டைகளின் அடுக்குகளுக்கிடையே, நீண்ட கால்களை வீசிக்கொண்டு ஒரு திசையிலும் நிலைகொள்ளாமல் தாறுமாறாக ஓடித் திரியும் மஞ்சள் நிறச் சிற்றெறும்புக்கு, அந்த ஓட்டத்தைக் கண்டே ‘பைத்திய எறும்பு’ என்று பெயர் ஏற்பட்டது. அது கொட்டுவதில்லை, அமிலத்தைப் பீச்சும். 2022-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரக் கிராமத்தார் ஆடுமாடுகளோடு அல்லலுற்றதும் இதனால்தான். இதன் உபத்திரவம் பலரும் அறிந்தது. பிறப்பின் விசித்திரமோ அதனினும் பெரிது.

கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும், ஆகவே ஆணுக்குத் தந்தை இல்லை என்பது எறும்புக் குலத்தின் பொது நியமம். 2023-இல் ஹியூகோ தாராஸ் முதலியோர் ‘சயின்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இவ்வெறும்பு அந்நியமத்துக்கு அடங்காதது. இதற்குள் நெடுங்காலமாகப் பிரிந்து நிற்கும் வம்சங்கள் இரண்டு. ஆர் என்றும் டபிள்யூ என்றும் அவற்றுக்கு அடையாளம். ராணி ஆர் வம்சத்தவள். அவளுடைய முட்டைக்குள் ஆர் விந்து புகுந்தால் இன்னொரு ராணி பிறக்கிறாள். டபிள்யூ விந்து புகுந்து உட்கருக்கள் ஒன்றானால் வேலைக்காரி பிறக்கிறாள். புகுந்தும் ஒன்றாகாமல், ஒரே முட்டைக்குள் இரண்டும் தனித்தனியே பெருகினால் ஆண் பிறக்கிறான். புராணத்து ஜராசந்தனாவது இரு பாதிகளாகப் பிறந்து ஒட்டப்பட்டவன். இவனிலோ பாதியென்று வகுக்க இடமின்றி, இரு வம்சத்து உயிரணுக்களும் ஒரே தேகத்தில் கலந்து கிடக்கின்றன. விந்தில் மட்டும் டபிள்யூவின் கை ஓங்கியிருக்கிறது. வேலைக்காரிகளிடம் சென்ற பங்கு சந்ததியின்றி அங்கேயே முடிந்துபோக, ராணியாகும் பாக்கியமற்ற அவ்வம்சம் ஆணின் உடலில் குடியிருந்தே தலைமுறை கடக்கிறது. தந்தையில்லாதவன் என்று பாடநூல்கள் எழுதிவைத்த பிள்ளையின் உடலுக்குள்ளேயே தந்தை உடனுறைகிறான் என்னும்போது, பாடநூல்களிடம் எனக்குச் சற்று இரக்கமே உண்டாகிறது.

இங்கே இரு வம்சங்களும் ஒரே ஜாதிக்குள் அடங்கும். ஐரோப்பாவில் அந்த எல்லையும் கடக்கப்பட்டிருக்கிறது. தானியம் சேர்க்கும் மெஸ்ஸர் ஐபெரிகஸ் ராணி, ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன மெஸ்ஸர் ஸ்ட்ரக்டர் என்னும் அயல் ஜாதியின் ஆண்களையும் தானே ஈனுகிறாள் என்று, பிரான்ஸின் மான்பெல்லியே நகரத்து ஜொனாதன் ரோமிகியே குழுவினர் 2025 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். அவளுடைய வேலைக்காரிகள் யாவரும் கலப்பினத்தவர். அவர்களைப் பெற அயல் விந்து வேண்டும். அவள் வாழும் ஸிஸிலித் தீவின் சுற்றுப்புறத்திலோ ஸ்ட்ரக்டர் புற்றே கிடையாது. ஆதலால், தன் உட்கருவின் பங்கு சிறிதுமின்றி, தான் சேமித்து வைத்த ஸ்ட்ரக்டர் விந்தின் உட்கருவைக் கொண்டே அவ்வாண்களை உண்டாக்கிக்கொள்கிறாள். ஐபெரிகஸ் மகன் ரோமம் அடர்ந்தவன். ஸ்ட்ரக்டர் மகன் ஏறத்தாழ ரோமமே இல்லாதவன். ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகிய இவ்விருவருக்கும் அவளிடமிருந்து பொதுவாக வந்தது மைட்டோகாண்ட்ரியா ஒன்றே.