மூர்நிலத்தில் இருவர் பயணம்

துவிச்சக்கர வண்டி நமக்குப் பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லும் வாகனம். அதனையே துணையாகக் கொண்டு, கணவனும் மனைவியுமாகப் பல நாள் மலைமேட்டிலே பயணஞ் செய்வோர் இங்கிலாந்திற் பலருளர். அவர்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்று 'மூர்' எனப்படும் மரமற்ற மேட்டுநிலம். அப்பயணத்தின் இயல்பையும் அது கற்பிக்கும் பாடத்தையும் ஈண்டு நோக்குவோம்.

வட இங்கிலாந்தில் நீண்டு கிடப்பது பெனைன் மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய குரொஸ் ஃபெல் 893 மீற்றர் உயரமே உடையது. நமது பிதுருதலாகலைக்கு முன் அது சிறு குன்றேயாகும். எனினும் அங்கு வீசும் காற்றும், நினையாப் பொழுதிற் கவியும் மூடுபனியும் எளியன அல்ல. ஆகஸ்ட் மாதத்தில் 'ஹெதர்' என்னும் குறுஞ்செடி பூத்து அந்நிலம் முழுவதையும் ஊதா நிறமாக்கும். இளவேனிலில் வளைந்த நீண்ட அலகுடைய 'கர்லூ' என்னும் பறவை புல்லிடையே கூடமைக்கும். அதன் இனத்துப் பறவைகளே மாரிகாலத்தில் நம் மன்னார்க் கரைக்கும் வருகின்றன.

இம்மலையிற் பெனைன் குதிரைப்பாதை என்றொரு நெடுவழி உண்டு. அது டாபிஷயரிலிருந்து கம்பிரியா வரை சுமார் 330 கிலோமீற்றர் செல்கின்றது. நாளொன்றுக்கு 50 கிலோமீற்றர் சென்றால் ஏழு நாட்கள் வேண்டும். அத்துணை அவகாசம் இல்லாதோர்க்கு, லங்காஷயர், யோர்க்ஷயர் எல்லையில் ஒரு வட்டப்பாதை 2002இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 76 கிலோமீற்றர். குதிரைப் பாதைகளுக்காகப் பாடுபட்ட மேரி டவுன்லி என்னும் பெருமாட்டியின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. கம்பளியும் உப்பும் சுண்ணாம்பும் சுமந்து பொதிக்குதிரைகள் நடந்த பண்டை வழிகள் பல இம்மலைகளில் உள்ளன. அவற்றிற் பதித்த கற்களை இன்றும் காணலாம்.

இவ்வழிகளிற் செல்லும் உரிமை எளிதிற் கிட்டியதன்று. மூர்நிலங்கள் பல செல்வரின் வேட்டைக்காடுகளாக இருந்தன. 1932 ஏப்ரல் 24இல் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டிற் பொதுமக்கள் பலர் தடையை மீறி நடந்தனர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். குதிரைப்பாதைகளில் துவிச்சக்கர வண்டி செலுத்தும் உரிமையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. நடப்போர்க்கும் குதிரையிற் செல்வோர்க்கும் வண்டியோட்டி வழிவிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனை. நடைபாதைகளில் அவ்வுரிமை இல்லை. ஆதலாற் பயணிகள் வரைபடத்தை நன்கு பார்த்தே வழியைத் தெரிந்துகொள்வர்.

இனி, காலடியில் உள்ள மண்ணைப் பார்ப்போம். ஈரம் மிகுந்த மேட்டிலே பாசிகள் முற்றாக உக்காமல் அடுக்கடுக்காய்ப் படிந்து முற்றா நிலக்கரியாகின்றன. ஆண்டொன்றுக்கு அது வளர்வது சுமார் ஒரு மில்லிமீற்றரே. ஒரு மீற்றர் ஆழமுள்ள படிவு உண்டாவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் சென்றன என்பது இதனாற் புலனாகும். உலக நிலப்பரப்பில் இத்தகைய நிலம் 3 சதவீதமேயாயினும், அது தன்னுள் அடக்கி வைத்திருக்கும் கரி மிகப் பெரிது. மண் கிழிபட்டு உலர்ந்தால் அக்கரி வாயுவாகி வானிற் கலக்கும்.

வண்டியின் சில்லு ஈரமண்ணிற் பத்து மில்லிமீற்றர் ஆழத்திற்குத் தடம் பதித்தால், பத்தாண்டு வளர்ச்சி அழிந்ததாகின்றது. சேற்றைக் கண்டு பயணிகள் ஓரமாக விலகிச் செல்லச் செல்லப் பாதையும் அகன்று கொண்டே போகும். நடப்போர்க்கென 1965இல் திறக்கப்பட்ட பெனைன் வழி இவ்வாறு சிதைந்தமையால், பழைய ஆலைகளின் தளக்கற்களை ஹெலிகொப்டரிற் கொண்டுவந்து பதிக்க நேர்ந்தது. சேறு கண்டவிடத்து இறங்கி, பாதையின் நடுவே வண்டியை உருட்டிச் செல்வதே அறிந்தோர் வழக்கம்.

இருவர் சேர்ந்து செல்லும்போது மற்றுமொரு சோதனை உண்டு. வலியவர் முன்னே விரைந்து மேட்டின் உச்சியில் நின்று காத்திருப்பார். மெலியவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், முன்னவர் உடனே புறப்படுவார். ஓய்வு யாருக்குக் கிடைத்தது? களைக்காதவருக்கே கிடைத்தது! அதுவுமன்றி, வியர்த்த உடலோடு குளிர்காற்றில் நின்றவருக்கும் நடுக்கம் உண்டாகும். பனி மூடுமாயின், வழிகள் பிரியும் இடத்தில் ஒருவரை ஒருவர் இழக்கவும் கூடும்; அது உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். ஆகவே மெலியவரை முன்னே விட்டு, அவர் வேகமே இருவர் வேகமுமாகச் செல்லல் நன்று. ஆடுமாடுகளுக்காக இட்ட படலைகளில் ஒருவர் திறந்து பிடிக்க, மற்றவர் இரு வண்டிகளையும் கடத்த, மீண்டும் அதனைச் சாத்திச் செல்ல வேண்டும். எட்டு மைல் குறைவாகச் சென்ற நாளும் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தடைந்த நாளாயின் நல்ல நாளே.

துணையைப் பின்னே விட்டு ஓடுவதும் மண்ணைக் கிழித்து ஓடுவதும் ஒரே அவசரத்தின் இரு முகங்கள். பொறுமையின்றிப் போனவர்க்குத் தூரம் மட்டுமே கணக்கில் மிஞ்சும். இல்லறமும் நெடும்பயணமே, அங்கும் வேகத்தை அளக்க வேண்டியது மெலியவரைக் கொண்டே என்பதை இளைஞர்கள் மனங்கொள்வார்களாக.