பலியினும் மேலான நீதி

எபிரேய மொழியில், ஏழைக்குக் கொடுப்பதைக் குறிக்கும் சொல் 'செதாக்கா'. நீதி எனப் பொருள்படும் 'செதெக்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. யூத மரபில் கொடுப்பது ஒரு கடமை என்பதை இச்சொல்லே காட்டிவிடுகிறது. உலகச் சமயங்கள் பற்றிய பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

பண்டைய யூதர்களின் வழிபாட்டு மையம் எருசலேம் ஆலயம். ஆடு, மாடு, புறா, மாவு ஆகியவை அங்கே பலியாகவும் காணிக்கையாகவும் படைக்கப்பட்டன. ஆயினும் கி.மு. 8ஆம் நூற்றாண்டிலேயே ஆமோஸ், ஓசேயா, ஏசாயா, மீகா ஆகிய தீர்க்கதரிசிகள், ஏழையை வஞ்சிப்பவரின் பலியைக் கடவுள் ஏற்கமாட்டார் என எச்சரித்தனர். கள்ளத் தராசையும் கையூட்டையும் சடங்கால் மறைக்க முடியாது என்பதே அவர்கள் வாதம்.

கி.பி. 70இல் உரோமானியப் படை அந்த ஆலயத்தை அழித்தது. பலிபீடம் இல்லாதபோது பாவத்துக்குப் பரிகாரம் எது என்ற கேள்வி எழுந்தது. இடிபாடுகளைக் கண்டு கலங்கிய தம் மாணவர் யோசுவாவிடம், அன்புச் செயல்களே அதற்கு நிகரான பரிகாரம் என்று ரபி யோகனான் பென் சக்காய் கூறியதாக மரபு சொல்கிறது. எல்லாப் பலிகளையும்விட செதாக்கா பெரியது என்பது தல்மூதில் ரபி எலியாசரின் கருத்து. பலிபீடம் இருந்தது ஓரிடத்தில். உதவி வேண்டுவோர் எல்லா ஊரிலும் இருந்தனர்.

கடமை என்றால் விதிகளும் உண்டு. அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைகளுக்கு விட்டுவிட வேண்டும். உதவி பெற்று வாழ்பவரும் இயன்றதைப் பிறருக்குக் கொடுக்க வேண்டும்.

12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் கொடுப்பதை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமின்றிக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதது இரண்டாம் படி. பலி நடந்த அதே ஆலயத்தில், ஒருவர் மறைவாக வைத்துச் செல்வதை மற்றவர் மறைவாக எடுத்துச் செல்ல ஓர் அறை இருந்ததை அவர் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார். கடனோ வேலையோ தந்து, அல்லது தொழிலில் கூட்டாளியாக்கி, ஒருவரைச் சொந்தக் காலில் நிற்கச் செய்வதே முதற்படி.

இப்படிகளைத் தனித்தனித் தாள்களில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, குழுக்களாக வரிசைப்படுத்தச் சொல்லலாம். தங்கள் வரிசைக்கான காரணத்தைச் சொல்லும்போது, பெறுபவரின் மானம் ஏன் முக்கியம் என்பதை மாணவர்களே கண்டடைவர்.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். ஏழை மாணவருக்கு நோட்டு வாங்கித் தரும்போது, வகுப்பின் முன் பெயர் சொல்லி அழைத்துத் தருகிறோமா, யாரும் அறியாமல் தருகிறோமா?