எது ஜெயிக்கும் சார்?

“டைரனோசரஸும் ஜைகனோட்டோசரஸும் மோதினால் எது ஜெயிக்கும் சார்?” ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். ‘பாடத்தைக் கவனி’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவரை கேள்வியே கேட்காதவன் அவன் என்பது நினைவுக்கு வந்தது. “பற்களைப் பார்த்து முடிவு செய்வோம்” என்றேன்.

இரண்டுமே ஏறத்தாழ 12 மீட்டர் நீளம். டைரனோசரஸின் பற்கள் வாழைப்பழம்போலத் தடித்தவை, எலும்பையே நொறுக்கும். டிரைசெராடாப்ஸ் எலும்புகளில் அதன் கடித்தடங்கள் கிடைத்துள்ளன. ஜைகனோட்டோசரஸின் பற்களோ தட்டையானவை. ரம்ப விளிம்பால் சதையை அறுப்பவை. ஒன்று பாக்குவெட்டி, மற்றொன்று பன்னரிவாள். வகுப்பு இரு அணிகளாகப் பிரிந்து வாதாடியது.

பிறகு தரையில் காலக்கோடு வரைந்தோம், கோடி ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில். அர்ஜென்டினாவின் ஜைகனோட்டோசரஸ் வாழ்ந்தது சுமார் 9.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு; வட அமெரிக்காவின் டைரனோசரஸ் சுமார் 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இரண்டு இடங்களிலும் மாணவர்களை நிற்க வைத்தேன். நடுவே மூன்றடி.

“இரண்டும் பார்த்துக்கொண்டதே இல்லையா சார்?” என்றவன், சற்று யோசித்து, “இந்த வயதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?” என்றான்.

பாறையின் வயதை அறியும் முறையே எங்கள் அடுத்த பாடமானது. மாணவர்களின் ‘வேண்டாத’ கேள்விகளை நான் இப்போது ஒதுக்குவதில்லை.