மாரடைப்புக்குப் பின் இதயத் திசு ஆறுவதில் நொதிகளின் பங்கு

மாரடைப்பில் இறந்துபோன இதயத் தசையின் இடத்தில் தழும்பு உருவாகும் நிகழ்வே இதயத் திசு ஆறுதல் எனப்படுகிறது. சிதைந்த திசுவை அகற்றுதல், புதிய நார்களை உருவாக்குதல், அவற்றை இறுக்கிப் பிணைத்தல் ஆகிய வேலைகளை வெவ்வேறு நொதிகள் செய்கின்றன. சிதைக்கும் நொதிகளின் செயல் மிகுந்தால் இதயச் சுவர் கிழியக்கூடும். மிகக் குறைந்தால் காயம் சரியாக ஆறாது. எனவே எந்த நொதி, எந்தக் கட்டத்தில், எந்த அளவில் செயல்படுகிறது என்பது நோயாளியின் பிற்கால இதயச் செயல்பாட்டைப் பாதிக்கும் முக்கியக் காரணிகளுள் ஒன்றாகும்.

தழும்பு ஏன் தேவை?

இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி அடைபட்டால், உயிர்வளி கிடைக்காமல் தசை உயிரணுக்கள் இறக்கத் தொடங்குகின்றன. மனித இதயத்தின் இடது கீழறையில் ஏறத்தாழ 200 முதல் 400 கோடி வரை தசை உயிரணுக்கள் உள்ளன. பெரிய மாரடைப்பு ஒன்றில் சில மணி நேரத்திற்குள் 100 கோடி உயிரணுக்கள் வரை அழியலாம்.

தோலில் ஏற்படும் வெட்டுக்காயத்தின் மேல் புதிய தோல் வளர்வதைப் போல, இதயத்தில் புதிய தசை வளர்வதில்லை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு இதயத் தசை உயிரணுக்களே புதுப்பிக்கப்படுகின்றன. 75 வயதில் இது 0.45 விழுக்காடாகக் குறைகிறது. ஆகவே இழந்த தசையின் இடத்தைக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் ஆன தழும்பே நிரப்புகிறது. தழும்பு சுருங்கி விரியாது. ஆனால் ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் தாங்கி, சுவர் கிழியாமல் காக்கிறது.

சிதைக்கும் நொதிகள்

நலமான இதயத்திலும் தசை உயிரணுக்களைச் சுற்றி ஒரு கொலாஜன் வலை உண்டு. மாரடைப்புக்குப் பின் இந்த வலையைச் சிதைப்பவற்றுள் முதன்மையானவை மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்னும் நொதிகள். சுருக்கமாக எம்எம்பி எனப்படும் இவை செயல்படத் துத்தநாகம் தேவை. 1962-ல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லபியர் ஆகியோர், தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் மறைவது எவ்வாறு என ஆராய்ந்தபோது இக்குடும்பத்தின் முதல் நொதியைக் கண்டறிந்தனர். மனிதரில் இருபதுக்கும் மேற்பட்ட எம்எம்பி நொதிகள் உள்ளன.

மாரடைப்பு ஏற்பட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள் அங்கு வந்து எம்எம்பி-8, எம்எம்பி-9 ஆகியவற்றை வெளியிடுகின்றன. அடுத்த நாள்களில் மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் சேர்ந்து, இறந்த உயிரணுக்களை விழுங்கி அகற்றுகின்றன. பழைய வலை அறுபட்டால்தான் இந்த உயிரணுக்கள் உள்ளே நுழையவும், புதிய குருதிக் குழாய்கள் வளரவும் வழி கிடைக்கும்.

பழைய வலை அறுந்து, புதிய தழும்பு உருவாகாத இந்த இடைக்காலத்தில் இதயச் சுவர் மிகவும் வலுவற்றிருக்கும். மாரடைப்பின் அரிய, ஆனால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் சிக்கலான இதயச் சுவர் கிழிதல் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே நிகழ்வதற்கு இதுவே காரணம். எம்எம்பி நொதிகளைக் கட்டுப்படுத்த டிம்ப் எனப்படும் நான்கு வகைத் தடுப்புப் புரதங்கள் உடலில் உள்ளன.

கட்டும் நொதிகள்

அடுத்த கட்டத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார் உயிரணுக்கள் பெருகிக் கொலாஜனை உருவாக்குகின்றன. கொலாஜன் இழைகள் மூன்று புரி கொண்ட கயிறு போல நிலைத்து நிற்கப் புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி தேவை. இது செயல்பட இரும்பும் வைட்டமின் சி-யும் வேண்டும். பின்னர் செப்பைக் கொண்ட லைசைல் ஆக்சிடேஸ் என்னும் நொதி, இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தி உறுதியாக்குகிறது. தழும்பு முதிர்ச்சியடையப் பல வாரங்கள் ஆகும்.

இக்கட்டமும் எல்லை மீறக்கூடாது. காயமில்லாத பகுதியிலும் கொலாஜன் மிகுதியாகப் படிந்தால் இதயம் விறைப்படைந்து, குருதியை ஏற்கும் திறனை இழக்கும்.

சமநிலையைக் காட்டிய ஆய்வு

1999-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் நடத்திய சோதனை இந்த இருமுகத் தன்மையைத் தெளிவாகக் காட்டியது. எம்எம்பி நொதிகளைத் தூண்ட உதவும் யூரோகைனேஸ் என்னும் நொதி இல்லாத சுண்டெலிகளுக்கு, மாரடைப்புக்குப் பின் இதயம் கிழியவில்லை. ஆனால் அவற்றின் காயம் சரியாக ஆறவில்லை. புதிய குருதிக் குழாய்களும் போதிய அளவு வளரவில்லை. இறுதியில் அவை இதயச் செயலிழப்பால் இறந்தன.

மருத்துவப் பயன்

எம்எம்பி நொதிகளைத் தடுத்தால் இதயம் விரிவடைவதைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தில், பிஜி-116800 என்னும் மருந்து 253 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2006-ல் வெளியான முடிவுகளின்படி அம்மருந்து எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

மாறாக, வேறொரு நொதியைத் தடுக்கும் மருத்துவம் வெற்றி கண்டது. ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி உருவாக்கும் ஆஞ்சியோடென்சின் II, குருதிக் குழாய்களைச் சுருக்கி இதயத்தின் சுமையைக் கூட்டுவதுடன், கொலாஜன் படிவதையும் தூண்டுகிறது. இந்நொதியைத் தடுக்கும் காப்டோபிரில் மருந்து, மாரடைப்புக்குப் பின் இடது கீழறை பலவீனமடைந்த 2,231 பேரிடம் சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களிடையே இறப்பு அபாயம் 19 விழுக்காடு குறைந்ததாக 1992-ல் அறிவிக்கப்பட்டது. இவ்வகை மருந்துகள் இன்றும் வழக்கமாக அளிக்கப்படுகின்றன.

கண்டறிதலுக்கான நொதிகள்

மாரடைப்பை உறுதிசெய்யக் குருதியில் அளவிடப்படும் கிரியேட்டின் கைனேஸ்-எம்பி என்பதும் ஒரு நொதியே. ஆனால் இது திசுவை ஆற்றுவதில்லை. இறந்த தசையிலிருந்து கசிந்து, சேதத்தை அறிவிக்கும் அடையாளம் மட்டுமே. இதற்காக இன்று பெரிதும் பயன்படும் டிரோபோனின், நொதி அன்று; அது தசைச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதம்.